போனை அணைத்தால் காஸ்மிக் கதிர் விலகிப் போகாது

மறுபடியும் வந்துவிட்டது. 'இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமியை நெருங்கிக் கடக்கும், செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள்.' பத்து வருடத்துக்கும் மேலாக அதே நேரம், அதே வாசகம், சாட்சிக்கு நாசா. இந்த முறை அனுப்பியது என் சித்தி. அனுப்பிய கையோடு போனை அணைத்துவிட்டார். அன்று ராத்திரி சித்தப்பாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட, நடுங்கும் கையோடு போனை உயிர்ப்பித்து 108-ஐ அழைப்பதற்குள் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

காஸ்மிக் கதிர் என்பது விண்வெளியிலிருந்து ஓயாமல் வந்து விழும் துகள்கள்; நம்மைக் கடந்து போகும் ஊர்வலம் அல்ல. ராகு காலம் போல அதற்கென்று நேரமும் கிடையாது. உள்ளங்கையை நீட்டுங்கள். அவை காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் என்ற நுண்துகள்கள், நிமிடத்துக்குச் சுமார் நூறு, அதைத் துளைத்துப் போகின்றன. பகலிலும் போகும், கூரைக்கடியிலும் போகும். 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிக் கண்டுபிடிப்பதற்கு முன்பும் போய்க்கொண்டுதான் இருந்தன. ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இவற்றை ராப்பகலாக எண்ணிக்கொண்டிருக்கிறது. மணி 12.30 ஆனதும் எண்ணிக்கை எகிறுவதில்லை.

சரி, பயங்கர ஆற்றல் கொண்டவை உண்டா? உண்டு. 1991 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரே துகளில் சுமார் 50 ஜூல்: ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற ஆற்றல். ஆனால் அந்த வகை, சதுர கிலோமீட்டருக்கு நூறாண்டில் ஒன்று வந்தால் அதிகம். அதைப் பிடிக்கத்தான் அர்ஜென்டினாவின் மலார்கூவேயில் 3,000 சதுர கிலோமீட்டருக்கு 1,600-க்கும் மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகளைப் பரப்பிவைத்துக் காத்திருக்கிறார்கள்.

இவற்றை ஆராயும் எங்கள் தூக்கம் போவது வேறு கேள்வியில்: இவை எங்கே பிறக்கின்றன? 2017-ல் அந்த அர்ஜென்டினா குழு, 8 எக்ஸா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு (சுமார் 1.3 ஜூல்) மேற்பட்ட ஆற்றல் கொண்டவை பால்வீதிக்கு வெளியிலிருந்து வருகின்றன என்று காட்டியது. வழியிலுள்ள காந்தப்புலங்கள் பாதையை வளைத்துவிடுவதால் பிறந்த வீட்டை அடையாளம் காட்ட முடியவில்லை. சென்டாரஸ் ஏ போன்ற விண்மீன் மண்டலங்கள்மீது சந்தேகம் இருக்கிறது. 2021 மே மாதம் யூட்டாவில் சிக்கிய 'அமதெராசு' என்ற அதிக ஆற்றல் துகள் வந்த திசையிலோ, கிட்டத்தட்ட வெறும் வெளி.

இதைச் சொன்னதும், "உங்களுக்கே தெரியாதப்போ ஜாக்கிரதையா இருந்தா என்ன தப்பு?" என்கிறார்கள். எங்கே பிறந்தது என்றுதான் தெரியாது; எவ்வளவு வந்து விழுகிறது என்பது நன்றாகவே தெரியும். மேகம் எந்தக் கடலில் முகந்தது என்று பார்த்துவிட்டா மழையை அளக்கிறோம்?

அடுத்த முறை வந்தால், அதில் தேதி இருக்கிறதா பாருங்கள். இருக்காது, வெறும் 'இன்று இரவு'தான். அழித்துவிடுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் தயவுசெய்து போனை அணைத்து வைக்காதீர்கள்.

சித்தி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். குடும்பக் குழுவில் போட்டதை இன்னும் நீக்கவில்லை.