யூஎஸ்பி-சி துளை வழியாக மானிட்டருக்குப் படம் போவது எப்படி?

எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால், லேப்டாப்பில் அதைக் கவனிக்க வேண்டியது டிஸ்ப்ளே டிரைவர் (திரையை இயக்கும் மென்பொருள்) மட்டும்தான். மானிட்டரை யூஎஸ்பி-சி துளையில் செருகினால் கதை வேறு. துளை யூஎஸ்பி டிரைவரின் பொறுப்பு, படம் டிஸ்ப்ளே டிரைவரின் பொறுப்பு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இவை இரண்டும் தனித்தனியாக வளர்ந்தவை. ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது.

முதலில் கம்பிகளைப் பார்ப்போம். யூஎஸ்பி-சி இணைப்பில் 24 பின்கள் உண்டு. அதிவேகத் தரவுக்கு நான்கு ஜோடிக் கம்பிகள். வழக்கமாக யூஎஸ்பி 3 பயன்படுத்தும் இந்த ஜோடிகளை, எச்டிஎம்ஐ போலவே படம் அனுப்பும் முறையான டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு விட்டுக்கொடுக்கும் ஏற்பாட்டை, திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2014-இல் அறிவித்தது. அதன் பெயர் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட். படம் யூஎஸ்பி பாக்கெட்டாக மாறிப் போவதில்லை. டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலே நேராக அந்தக் கம்பிகளில் ஓடுகிறது.

நான்கு ஜோடிகளையும் படத்துக்கே கொடுக்கலாம், அல்லது இரண்டைப் படத்துக்கும் இரண்டை யூஎஸ்பி 3-க்கும் பிரிக்கலாம். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் ஒரு ஜோடிக்கு நொடிக்கு 5.4 கிகாபிட். அதில் ஐந்தில் ஒரு பங்கு குறியாக்கத்துக்குப் போய்விடும். ஆக, இரண்டு ஜோடிகளில் மிஞ்சுவது 8.64 கிகாபிட். 60 ஹெர்ட்ஸ் 4கே படத்தின் பிக்சல்களுக்கு மட்டுமே ஏறக்குறைய 12 கிகாபிட் வேண்டும். யூஎஸ்பி 3 துளைகளும் உள்ள பல டாக்குகளில் (ஒரே கேபிளில் பல துளைகள் தரும் பெட்டிகளில்) 4கே படம் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறாததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

சரி, எந்த ஜோடி யாருக்கு என்று யார் முடிவு செய்வது? சிசி என்ற பின்னில் இரு முனைகளும் மெதுவான வேகத்தில் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. 'எந்தெந்த மோட் தெரியும்?' என்று லேப்டாப் கேட்கும். டிஸ்ப்ளேபோர்ட்டுக்கான அடையாள எண் பதிலில் இருந்தால் அந்த மோடுக்குள் நுழைந்து, பின்களின் பங்கீட்டைச் சொல்லும். பிறகு மக்ஸ் என்ற சிப் கம்பிகளைத் திருப்பிவிடும். கேபிள் எந்தப் பக்கமாகச் செருகப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் அது திருப்ப வேண்டும். பல லேப்டாப்களில் இந்தப் பேச்சுவார்த்தையை, வன்பொருளிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரே முடித்துவிட்டு, முடிவை மட்டும் கெர்னலுக்குச் சொல்கிறது.

உண்மையான சிக்கல் இதற்கு அப்புறம்தான். சாதாரண டிஸ்ப்ளேபோர்ட்டில் 'மானிட்டர் வந்துவிட்டது' என்று சொல்வதற்கென்றே ஹாட்பிளக் என்ற தனிக் கம்பி உண்டு. யூஎஸ்பி-சி-யில் அந்தக் கம்பிக்கு இடமே இல்லை. அந்தத் தகவல் சிசி பின்னில் ஒரு செய்தியாக, அதற்குள் ஒரே ஒரு பிட்டாக வருகிறது. அதைப் படிப்பது யூஎஸ்பி பக்கத்து டிரைவர். டிஸ்ப்ளே டிரைவரோ தன் ஹாட்பிளக் கம்பியையே பார்த்துக் காத்திருக்கும்.

இதற்காக 2021-இல் கெர்னல் நிரலாளர் ஹான்ஸ் டி கூடே கெர்னலின் டிஸ்ப்ளே பகுதியில் ஒரு சின்ன வாசலைத் திறந்தார். 'இந்தக் கனெக்டரில் ஏதோ மாறியிருக்கிறது, போய்ப் பார்' என்று வெளியிலிருந்து சொல்ல ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான். யூஎஸ்பி டிரைவர் டிஸ்ப்ளேயின் உள்விவரம் எதையும் தெரிந்துகொள்ள வேண்டாம். அந்த எளிமைதான் இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் சொல்லும் நேரம் முக்கியம். செய்தி கிடைத்ததும் டிஸ்ப்ளே டிரைவர் ஆக்ஸ் என்ற துணைத்தடம் வழியாக மானிட்டரின் விவரங்களைப் படிக்கப் போகும். மக்ஸ் இன்னும் திரும்பியிருக்காவிட்டால் எதிர்முனையிலிருந்து பதில் வராது. மானிட்டரே இல்லை என்று அது முடிவுகட்டிவிடும். அதனால் பங்கீடு முடிவதற்குள் ஹாட்பிளக் செய்தி வந்துவிட்டால், அதைப் பிடித்துவைத்திருந்து பிறகு சொல்லும்படி 2023-இல் ஆல்ட் மோட் டிரைவரைத் திருத்தினார்கள். மோடை விட்டு வெளியேறும்போது 'மானிட்டர் போய்விட்டது' என்று மறக்காமல் சொல்லும் திருத்தமும் அதே ஆண்டில் வந்தது.

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. லேப்டாப்பில் இரண்டு மூன்று யூஎஸ்பி-சி துளைகள் இருந்தால், எந்தத் துளை எந்த டிஸ்ப்ளே வெளியீட்டோடு சேர்ந்தது? இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வன்பொருளில் வழி கிடையாது. யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும். இன்டெல், ஏஎம்டி லேப்டாப்களில் அந்த விவரத்தை ஃபர்ம்வேர் கொடுக்கும் ஏசிபிஐ அட்டவணைகள் தருகின்றன. ஆர்ம் சிப் உள்ள போர்டுகளில் டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரக் கோப்பு தருகிறது. அந்த இணைப்பை எழுதாமல் விட்டால், மோடும் சரியாக அமைந்து, மக்ஸும் சரியாகத் திரும்பியிருந்தாலும், செய்தி போய்ச் சேர ஆளிருக்காது. புதிய ஆர்ம் லேப்டாப்பில் லினக்ஸை ஓடவைப்பவர்கள், சார்ஜ் ஏறியும் வெளித்திரை இருட்டாகவே இருந்தால், டிவைஸ் ட்ரீயின் அந்தச் சில வரிகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.