டயாலிசிஸ் செய்பவர் முட்டை சாப்பிடலாமா?

பக்கத்திலேயே நாமக்கல் இருப்பதால் சேலத்தில் முட்டைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வரும் சிறுநீரக நோயாளிகள் பலர் அதைத் தலைகீழாகச் சாப்பிடுகிறார்கள். டயாலிசிஸ் தொடங்காதவர், "உடம்பு தேறணும்" என்று தினமும் மூன்று நான்கு முட்டை சாப்பிடுகிறார். டயாலிசிஸ் செய்பவரோ, "கிட்னிக்கு ஆகாது" என்று முட்டையைத் தொடுவதே இல்லை.

முதலாமவர்தான் புரதத்தைக் குறைக்க வேண்டியவர். உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை என்பது பொதுவான அளவு. டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு மாறிவிடும். ஒவ்வொரு முறையும் கழிவோடு, புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் வெளியேறுவதால், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை. 60 கிலோ எடை உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். இட்லியும் ரசம் சாதமும் மட்டும் சாப்பிட்டு இதை எட்ட முடியாது. பயத்தில் சாப்பிடாமலே தசை கரைந்து, படியேற முடியாமல் வருகிறவர்களைப் பார்த்தால் மனசு தாங்காது.

இவர்களுக்கு நான் முதலில் சொல்வது வெள்ளைக்கரு. ஒன்றில் சுமார் 3.5 கிராம் புரதம். பழுதான சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாத பாஸ்பரஸோ 5 மில்லிகிராம்தான். முட்டையின் பாஸ்பரஸ் ஏறக்குறைய முழுவதும் மஞ்சள்கருவில் இருக்கிறது.

ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சீரகம், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, மூன்று வெள்ளைக்கருவை ஊற்றிக் கிளறுங்கள். நன்றாக வெந்ததும் ஏற்காட்டு மிளகைத் தட்டிப் போட்டு இறக்குங்கள். காரமும் மணமும் தூக்கலாக இருந்தால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடாது. உப்பையும் கடைசியில் மேலாகத் தூவுங்கள், ஒரு சிட்டிகையே போதும். அப்புறம், பச்சை முட்டை குடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், கிருமித்தொற்று வரலாம்.

முட்டைக் குழம்பு என்றால் முட்டையை எடுத்துக்கொண்டு குழம்பைக் குறையுங்கள். தக்காளியிலும் தேங்காயிலும் பொட்டாசியம் அதிகம். தட்டுவடையை நொறுக்கி முட்டையும் சட்னியும் சேர்க்கும் நம்ம ஊர் முட்டை நொறுக்கல் வேண்டாம், தட்டுவடையிலிருந்து சட்னி வரை எல்லாமே உப்பு.

எத்தனை வெள்ளைக்கரு என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் உப்பு வீட்டில் இருந்தால், பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். பொட்டாசியம் குளோரைடு என்று போட்டிருந்தால் நோயாளியின் சமையலில் சேர்க்காதீர்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம்.