விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

போன மாதம் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். மகளுக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். இவரிடம் எதுவும் இல்லை. அண்ணன் மகன் போனபோது தாத்தாவின் நிலத்தை அடமானம் வைத்துத்தான் கடன் வாங்கினார்கள். அதே நிலத்தில் இந்த அம்மாவுக்கும் பங்கு இருந்தது. அப்பா இறந்த வருடமே, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கைக்கு வந்தது ஒரு பட்டுப்புடவையும் இரண்டு பவுனும்.

"படிச்சா மேல வந்துடலாம்னு சொல்லித்தான் சார் வளர்த்தேன்" என்று அழுதார்.

படிப்பு மேலே கொண்டுவரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் படிக்கிற காலத்தில் தாங்கிப்பிடிக்க ஒரு ஏக்கரோ அரை கிரவுண்டோ இருக்கிற பிள்ளை துணிந்து கடன் வாங்கும், ஒரு வருடம் தோற்றாலும் மறுபடி எழுதும். இல்லாத பிள்ளை கிடைத்த வேலைக்குப் போய்விடும். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளுக்குள்ளேயே இப்படிப் பிரிந்துபோவதை அடிக்கடி பார்க்கிறேன்.

இந்துக் குடும்பங்களுக்கான சட்டம் இதுதான். அப்பா சொந்தமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கும் சம பங்கு. இது 1956-லிருந்தே உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் உரிமை கொடுத்தது, ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடையும் போயிற்று. அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று வினீதா சர்மா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையை இந்தத் திருத்தத்தைக் காட்டித் திறக்க முடியாது.

சரி, கையெழுத்துப் போட்டாயிற்று என்றால்? ஏமாற்றி வாங்கியிருந்தால், ஏமாற்றம் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தெரிந்தே போட்டிருந்தால் மீட்பது மிகக் கடினம். அண்ணன் தம்பிக்கு மனதார விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். ஆனால் பதிவு நாளுக்கு முன்பே நகலை வாங்கி, எந்தச் சர்வே எண், எவ்வளவு பரப்பு, இன்றைய விலை என்ன என்று பாருங்கள். காரில் ஏற்றிக்கொண்டு போய் நேரே கையெழுத்து வாங்கும் வழக்கத்துக்கு உடன்படாதீர்கள்.

அந்த அம்மாவின் தாயார் பெயரில் ஓர் ஓட்டுவீடு இருக்கிறதாம். அதற்கும் பத்திரம் தயாராகிக்கொண்டிருந்தது. இந்த முறை நகலை என்னிடம் காட்டிய பிறகுதான் பதில் சொல்வேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்.