ஏ பி சி டி தெரியும், காலி டம்ளரில் காபி ஆற்றத் தெரியுமா?

பேச்சு வரவில்லை என்று இரண்டரை வயதுப் பிள்ளையை அழைத்து வருபவர்கள், "ஏ பி சி டி முழுசா சொல்வான் மேடம், கலர் எல்லாம் தெரியும்" என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். பேச்சுப் பயிற்சியாளராக நான் கேட்பது வேறு. பொம்மைக்குச் சோறு ஊட்டுவானா? காலி டம்ளரை நீட்டி உங்களைக் காபி குடிக்கச் சொல்வானா? அதாவது, இப்படிப் பாவனை விளையாட்டு ஆடுவானா?

'வாழைப்பழம்' என்ற சத்தத்தில் பழம் கிடையாது. அந்த ஒலி பழத்துக்குப் பதிலாக நிற்கிறது. சீப்பைக் காதில் வைத்து "அலோ தாத்தா" என்கிற குழந்தையும் ஒன்றை இன்னொன்றாக நிறுத்திப் பார்க்கிறது. குச்சியைக் குதிரையாக்கும் குழந்தையை வைத்து ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் இதைத்தான் விளக்கினார். பின்னால் 'அ' என்ற கோடு ஓர் ஒலியைக் குறிக்கிறது என்று பள்ளியில் புரிவதற்கும் இதே திறன் வேண்டும்.

பொதுவாக ஒன்றரை வயதுவாக்கில் காலிக் கிண்ணத்தில் சாப்பிடுவதுபோல் நடிப்பார்கள். இரண்டை ஒட்டி பொம்மைக்கு ஊட்டுவார்கள். மூன்று, நான்கில் கடை, டீச்சர், பஸ் என்று கூட்டாக ஆடுவார்கள். யார் கண்டக்டர் என்று சண்டை போட்டு, முறைக்குக் காத்திருந்து, டிக்கெட் கொடுத்து விசில் ஊதுவதற்குள் எவ்வளவு பேச்சு! 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிச அறிகுறிகள் உண்டா என்று பார்க்கும் எம்-சாட் கேள்விப் பட்டியலின் 20 கேள்விகளில் பாவனை விளையாட்டும் ஒன்று.

பாவனை விளையாட்டால் ஐ.க்யூ கூடும் என்று சொல்லிப் பொம்மை விற்பவர்களை நம்ப வேண்டாம். 2013இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, அதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றது. சொப்பு சாமான், காலி டப்பா, பழைய துண்டு போதும். பையன் சமைத்து விளையாடினால் பாட்டி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

நீங்களும் தரையில் உட்காருங்கள். ஆனால் நடுவில் "இது என்ன கலர்?" என்று பரீட்சை வைக்காதீர்கள், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். "சாம்பார்ல உப்பு கம்மியா இருக்கே" என்று சொல்லிப் பாருங்கள். குழந்தை உப்பு எடுக்க ஓடும்.

இரண்டு வயது தாண்டியும் இப்படி எதுவும் செய்யவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால், "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினார்" என்று காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.