ட்சோங்: மரகதமும் இல்லை, செதுக்கலும் இல்லை

சதுரமான கல் தூண் ஒன்றை எடுத்து, மேலிருந்து கீழ்வரை நடுவில் வட்டமாகத் துளை போட்டால் எப்படி இருக்கும்? வெளியே சதுரம், உள்ளே வட்டம். நான்கு மூலைகளிலும் கண்ணும் வாயுமாக முகங்கள், ஒவ்வொரு முகமும் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று மூலையில் மடிந்து நிற்கும். சீனாவில் புதிய கற்கால மக்கள் செய்த இந்தச் சடங்குப் பொருளுக்குத்தான் ட்சோங் என்று பெயர். ரோமன் எழுத்தில் cong என்று பார்த்துவிட்டு "காங்" என்று படிக்க வேண்டாம், சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் அந்த முதல் எழுத்துக்கு "ட்ஸ்" போன்ற ஒலி.

இதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் "மரகதச் சிற்பம்" என்றோ "பச்சைக்கல் செதுக்கல்" என்றோ எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டிலுமே கல்லும் தப்பு, வேலையும் தப்பு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சீன எழுத்தில் ட்சோங் இரண்டு பகுதிகளால் ஆனது. இடப்பக்கம் "யூ", அதாவது உயர்ந்த கல்லைக் குறிக்கும் உறுப்பு. வலப்பக்கம் ஒலிக்காகச் சேர்த்தது, ஆனால் தனியாக வந்தால் அதற்கு முன்னோர் வழிபாட்டு இடம் என்று பொருள், கூரைக்குக் கீழே ஒரு பலிபீடம் இருப்பது போன்ற வடிவம். எழுத்தைப் பார்த்தாலே சடங்கு வாசனை வரும்.

ஆனால் இந்தப் பொருளைச் செய்தவர்கள் இதை ட்சோங் என்றுதான் அழைத்தார்களா என்றால், அதற்கு ஆதாரமே கிடையாது. செய்தவர்கள் லியாங்ஜு பண்பாட்டு மக்கள், சுமார் கி.மு. 3300 முதல் 2300 வரை கிழக்குச் சீனாவில் தைஹு ஏரியைச் சுற்றியும் இன்றைய ஹாங்ஜோ நகருக்கு அருகிலும் வாழ்ந்தவர்கள். அவர்கள் பேசிய மொழியில் இதற்கு என்ன பெயரோ, அது அவர்களோடு போய்விட்டது. பெயர் வருவது "ஜோவ் சடங்குகள்" என்ற நூலிலிருந்து, அது தொகுக்கப்பட்டது சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து. நீலப்பச்சை "பி"யால் வானத்தை வழிபடு, மஞ்சள் ட்சோங்கால் நிலத்தை வழிபடு என்கிறது அந்நூல். பி என்பது நடுவில் துளையுள்ள வட்டத் தகடு. வானம் வட்டம், பூமி சதுரம், ட்சோங் இரண்டையும் இணைக்கிறது என்று எல்லோரும் சொல்லும் விளக்கம் இங்கிருந்து கிளம்பியதுதான். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அதை அப்படியே லியாங்ஜு மக்களின் தலையில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நடுவில் சீனர்களே இதை மறந்தும் போனார்கள். 18ஆம் நூற்றாண்டில் சியென்லுங் பேரரசர் தன் சேகரிப்பில் இருந்த ட்சோங்குகளைச் சுமைத்தண்டின் முனையில் பொருத்தும் பூண் என்று நினைத்தார், கவிதை எழுதி அவற்றின் மேல் பொறிக்கவும் செய்தார். 1889இல் வூ தாசெங் என்ற அறிஞர்தான் பழைய நூலில் உள்ள பெயரையும் கையில் உள்ள பொருளையும் பொருத்திக் காட்டினார். அப்போதும் காலம் பிடிபடவில்லை. 1936இல் ஷி ஷிங்கெங் லியாங்ஜுவில் முதல் அகழ்வைச் செய்தார், 1973இல் ட்சாவ்ஷியேஷான் என்ற இடத்தில் லியாங்ஜு காலக் கல்லறைக்குள்ளேயே ட்சோங் கிடைத்தது. அதுவரை ஜோவ், ஹான் என்ற பிற்கால அரசமரபுகளின் காலத்தவை என்று எண்ணியிருந்த பொருள்களின் வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கூடிவிட்டது.

அப்புறம் 1986இல் ஃபான்ஷான் என்ற லியாங்ஜு இடுகாடு. அங்கே 12ஆம் எண் கல்லறையில் கிடைத்ததை "ட்சோங் அரசன்" என்கிறார்கள். உயரம் 9 செ.மீ.கூட இல்லை, அகலம் 17 செ.மீ.க்கு மேல், எடை சுமார் 6.5 கிலோ. இறகுத் தலையணி போட்ட ஒரு மனித உருவம், அவனுக்குக் கீழே பெரிய வட்டக் கண்களோடு ஒரு விலங்கு, இந்த உருவம் அதில் எட்டு இடங்களில் இருக்கிறது, ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுகூட வராது. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் பல கோடுகள். உலோகக் கருவி ஒன்றுகூட இல்லாத காலம் அது!

சரி, கல்லுக்கு வருவோம். இது நெஃப்ரைட் வகை ஜேட். மரகதம் வேறு கனிமம், நவமணிகளில் ஒன்று, பளிங்கு போல ஒளி ஊடுருவும், அடிபட்டால் உடையும். நெஃப்ரைட் நார் நாராகப் பின்னிய கல், லேசில் உடையாது. இந்தக் குழப்பம் தமிழில் மட்டும் இல்லை, பாங்காக்கில் இருக்கும் மரகத புத்தரும் மரகதத்தால் ஆனவர் அல்லர். "பச்சைக்கல்" என்பதும் உதவாது, ஏனென்றால் மண்ணுக்குள் நாலைந்தாயிரம் ஆண்டுகள் கிடந்த லியாங்ஜு ட்சோங்குகள் பல எலும்பு வெள்ளையாகவோ மஞ்சள் பழுப்பாகவோ மாறியிருக்கின்றன.

ஜேட் என்ற சொல்லுக்கும் சீனாவுக்கும் பிறப்பில் எந்த உறவும் இல்லை. நடு அமெரிக்காவில் இந்த மாதிரிக் கல்லை இடுப்பு நோவுக்கு வைத்துக்கொள்வதைப் பார்த்த ஸ்பானியர்கள் "பியெத்ரா தே இஹாதா", அதாவது விலாக்கல் என்று பெயர் வைத்தார்கள், அது பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஜேட் ஆனது. நெஃப்ரைட்டும் சிறுநீரகத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. நெஃப்ரைட், ஜேடைட் இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்று 1863இல் பிரெஞ்சு வேதியியலாளர் தமூர் காட்டினார். சீனர்களின் யூவோ இந்தக் கணக்கில் சிக்காது. கி.பி. 100 வாக்கில் அகராதி தொகுத்த ஷூ ஷென் அதற்குச் சொன்ன பொருள் "கல்லில் அழகானது", ஐந்து நற்பண்புகள் கொண்டது என்பதுதான். நிறத்தைச் சொல்லவில்லை. நம்மிடம் அதே அகலத்தில் ஒரு சொல் இருக்கிறது: மணி. நீலமும் மணி, முத்தும் மணி, பவளமும் மணி. யூவுக்கு மரகதத்தைவிட மணிதான் பக்கத்தில் நிற்கிறது.

வேலைக்கும் சொல் இருக்கிறது. இந்தக் கல் உளிக்கு மசியாது. ஈர மணலை வைத்து, நூலாலும் குழல் போன்ற துளைப்பானாலும் நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்துத்தான் அறுக்கவும் துளைக்கவும் முடியும். மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி துளைத்ததால் பல ட்சோங்குகளின் உள்ளே நடுவில் ஒரு சின்ன விளிம்பு தட்டுப்படும். கல்லில் தண்ணீர் விட்டுச் சந்தனக்கட்டையைத் தேய்ப்பதை நாம் இழைத்தல் என்கிறோமே, அதே செயல்தான் இது.

ஆகவே என் பரிந்துரை: கனிமத்தின் பெயராக ஜேட் அப்படியே இருக்கட்டும், பொருளின் பெயராக ட்சோங்கும் இருக்கட்டும். முதல் முறை வரும்போது ட்சோங்கைச் "சதுர மணிக்குழல்" என்றும் பியை "மணிவட்டு" என்றும் விளக்கலாம், குறுவட்டு வந்த பிறகு வட்டு யாருக்கும் புதிதில்லை. வேலையை "மணி இழைப்பு" எனலாம். ஒரு வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: ஃபான்ஷான் கல்லறையில் கிடைத்த ட்சோங், நெஃப்ரைட் கல்லில் இழைத்த சதுர மணிக்குழல்.