வாட்டர்மார்க்: தண்ணீரே இல்லாத நீர்க்குறி

இணையத்தில் படம் பகிர்கிறவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. படத்தின் மேல் மங்கலாகத் தெரியும் பெயரோ சின்னமோ இணைய முகவரியோ, எதுவானாலும் அதை வாட்டர்மார்க் என்கிறோம். அனுமதியில்லாமல் படத்தை எடுத்துப் போட்டுக்கொள்வதைத் தடுக்க என்ன வழி என்று யார் கேட்டாலும் முதலில் வரும் பதிலும் இதுதான். சொல்லின் பழைய பொருளைத் தோண்டிப் பார்த்தால் ஒன்று தெரியவரும். படத்தின் மேல் நாம் போடுவது உண்மையில் வாட்டர்மார்க்கே அல்ல.

சொல் காகிதத் தொழிலிலிருந்து வந்தது. கையால் காகிதம் செய்த காலத்தில் மரச்சட்டத்தில் கம்பி வலை கட்டி, அதைக் கூழ்த் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். நீர் வடிந்ததும் வலையின் மேல் மெல்லிய கூழ்ப் படலம் தங்கும். அதுவே உலர்ந்து தாளாகும். 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் காகிதக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். கம்பியை வளைத்து ஒரு சிறு உருவம் செய்து, அதை வலையின் மேல் தைத்துவிட்டார்கள். கம்பி புடைத்திருக்கும் இடத்தில் கூழ் மெலிதாகப் படியும். தாளை மேசையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அந்த உருவம் ஒளிர்ந்து தெரியும். இந்த வகையில் கிடைத்திருக்கும் மிகப் பழைய தாள்கள் 1282-ஐ ஒட்டியவை. காகிதத் தொழிலுக்குப் பேர்போன ஃபாப்ரியானோ என்ற ஊரோடு இந்த உத்தியைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

எந்த ஆலைத் தாள், என்ன அளவு, என்ன தரம் என்று சொல்லத்தான் முதலில் இது பயன்பட்டது. 1826-ல் ஜான் மார்ஷல் என்பவர், ஈரத் தாளின் மேல் உருண்டு குறியைப் பதிக்கும் டேண்டி ரோல் என்ற உருளையைக் கொண்டுவந்த பிறகு இயந்திரத்தில் செய்த தாளிலும் குறி விழத் தொடங்கியது. 1840-ல் வந்த உலகின் முதல் அஞ்சல்தலையான பென்னி பிளாக்கின் தாளில் ஒரு சிறு கிரீடம் இருக்கும். பணத்தாளில் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

போலி செய்கிறவர்களுக்கு இதன் மதிப்பு நன்றாகத் தெரியும். 1790-களில் லண்டனில் வில்லியம் ஹென்றி அயர்லாந்து என்ற இளைஞர் ஷேக்ஸ்பியர் கைப்பட எழுதியவை என்று சொல்லிப் பல தாள்களைத் தானே எழுதி உலவவிட்டார். ஷேக்ஸ்பியர் காலத்துத் தாள்களில் கூஜா உருவம் அதிகம் இருக்கும் என்று கேள்விப்பட்டதும், பழைய புத்தகங்களிலிருந்து எடுத்த வெற்றுத் தாள்களில் கூஜாக் குறி உள்ளவற்றைத் தேடிப் பிடித்தார். தேடித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அந்தக் குறியைப் பிறகு சேர்க்க முடியாது, நீக்கவும் முடியாது. அது தாளின் மேல் இல்லை, தாளாகவே இருக்கிறது.

சரி, இதில் தண்ணீர் எங்கே வந்தது? எங்கும் வரவில்லை. கூழில் நீர் உண்டு என்பதைத் தவிர, குறி விழுவதற்கும் நீருக்கும் தொடர்பில்லை. தாளில் ஈரம் பட்ட இடம் போலத் தெரிவதால் ஆங்கிலத்தில் இந்தப் பெயர் வந்திருக்கலாம் என்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காகிதக் குறிக்கு இந்தப் பெயர் வழங்கத் தொடங்கியது; அதற்கு முன்பே வாட்டர்மார்க் என்றால் ஆற்றிலோ கடலிலோ நீர் ஏறிய மட்டத்தைக் காட்டும் கோடு என்று பொருள் இருந்தது. ஜெர்மன்காரர்களும் தண்ணீரைத்தான் பெயரில் வைத்திருக்கிறார்கள். செய்தவர்களான இத்தாலியர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. அவர்கள் சொல்வது ஃபிலிக்ரானா. நூல், மணி என்னும் பொருள் தரும் இரண்டு இலத்தீன் சொற்களிலிருந்து வந்தது, மெல்லிய கம்பியால் செய்யும் நகை வேலைக்கும் அதுதான் பெயர். கம்பியால் விழும் குறிக்குக் கம்பி வேலையின் பெயர். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தமிழில் நாம் ஆங்கிலத்தைப் பார்த்து நீர்க்குறி என்று வைத்துக்கொண்டோம். நீர்க்குறியீடு என்றும் எழுதுகிறார்கள். தவறான பெயரின் நேர் மொழிபெயர்ப்பு என்பது ஒரு குறை, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொரு சிக்கல், அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் நீர்க்குறி என்றால் சிறுநீரைப் பார்த்து நோயை அறிவது. நிறம், மணம், எடை, நுரை, எஞ்சல் என்று ஐந்தையும் பார்ப்பார்கள். அதில் எண்ணெய்த் துளி விட்டு அது பரவும் விதத்தைப் பார்ப்பது நெய்க்குறி. உங்கள் படங்களில் நீர்க்குறி இடுங்கள் என்று ஒரு சித்த மருத்துவரிடம் சொன்னால் அவர் உங்களைத்தான் சோதிக்க நினைப்பார்.

அப்படியானால் எந்தச் சொல்? அதற்கு முன்னால், படத்தின் மேல் போடுகிற குறி என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் வெள்ளிடை மன்றம் என்று ஓர் இடம் வருகிறது. வெளியூர் வணிகர்கள் 'தம்பெயர் பொறித்த கண்ணெழுத்து' இட்ட பொதிகளை அங்கே திறந்த வெளியில் போட்டு வைத்திருக்கிறார்கள். வாயில் கதவு இல்லை, தாழ் இல்லை, காவலாளும் இல்லை. யாராவது திருடினால் அந்த மன்றம் பொதியை அவன் தலையிலேயே ஏற்றிச் சுற்றவைக்குமே தவிர, கொண்டுபோக விடாதாம். பொதியின் மேல் உடையவர் பெயரைக் காட்டும் எழுத்துதான் கண்ணெழுத்து. அது பூட்டல்ல. எடுப்பதைத் தடுக்காது. இது இன்னாருடையது, தெரியாமல் எடுத்தேன் என்று சொல்ல முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது. தண்டனை கொடுப்பது மன்றத்தின் வேலை.

படத்தின் மேல் தெரியும் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கண்ணெழுத்து என்றால் கண்ணுக்குத் தெரிவது என்ற ஓசையும் கூடவே வருகிறது. புகைப்படக் கலையின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1882-ல் நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்ற படக்கலைஞர் ஆஸ்கர் வைல்டைப் படம் எடுத்தார். ஓர் அச்சகம் அனுமதியின்றி அதை 85,000 படிகள் அச்சிட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. புகைப்படத்துக்குப் பதிப்புரிமை உண்டா, அது இயந்திரம் எடுத்ததுதானே என்பது பெரிய கேள்வி. கூடவே இன்னொரு சின்னக் கேள்வியும் எழுந்தது. படத்தில் 'பதிப்புரிமை, 1882, என். சரோனி' என்று இருந்தது. முதற்பெயருக்கு ஒரே ஒரு எழுத்து போட்டால் போதுமா? 1884-ல் தீர்ப்பு வந்தது. புகைப்படத்துக்கு உரிமை உண்டு, அந்த ஓர் எழுத்தும் போதும். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் உரிமையே கைவிட்டுப் போயிருக்கும்.

இன்று அந்தக் கட்டாயம் இல்லை. பதிப்புரிமைக்கான 1886-ன் பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் படம் எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யவும் வேண்டாம், பெயர் போடவும் வேண்டாம். அமெரிக்கா 1989-ல்தான் அதில் சேர்ந்தது. வாட்டர்மார்க் போடாத படம் பொதுச்சொத்து என்று இன்றும் பலர் நம்புவது அந்தப் பழைய காலத்தின் எச்சமாக இருக்கலாம். பெயர் இல்லாவிட்டாலும் படம் உங்களுடையதுதான். பெயர் இருந்தால் வாதாடுவது எளிது, அவ்வளவுதான்.

அப்புறம், கண்ணெழுத்தை அழிப்பது எவ்வளவு எளிது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூலையில் போட்டால் அந்த ஓரத்தை வெட்டிவிடுவார்கள். வானம், சுவர் போன்ற வெற்றுப் பரப்பில் போட்டால் அக்கம்பக்கத்து நிறத்தை வைத்தே அதை நிரப்பிவிடலாம். முகம், இலைக்கூட்டம், துணியின் மடிப்பு என நுணுக்கம் நிறைந்த இடத்தின் குறுக்கே போட்டால்தான் அழிப்பவருக்கு வேலை அதிகம். அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2017-ல் கூகுள் ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். ஒரே குறியை நூற்றுக்கணக்கான படங்களில் ஒரே மாதிரி போட்டிருந்தால், படங்கள் எல்லாம் வேறுவேறு, மாறாமல் திரும்பத் திரும்ப வருவது குறி மட்டும். எனவே கணினி குறியைத் தனியே பிரித்தெடுத்து எல்லாப் படங்களிலிருந்தும் கழித்துவிடும். தீர்வையும் அவர்களே சொன்னார்கள். ஒவ்வொரு படத்திலும் குறியின் வடிவத்தைச் சற்றே நெளித்துவிட்டால் கழித்த பிறகும் தடம் மிஞ்சும். இடத்தை மட்டும் மாற்றுவது போதாது. இது 2017-ன் கதை. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒற்றைப் படத்திலிருந்தே குறியை அழித்துவிட்டு, அடியில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரைந்துவிடுகின்றன.

காகிதக் குறியின் உண்மையான வாரிசு கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க்தான். மேலே ஒட்டாமல் பொருளின் உள்ளேயே கலந்திருப்பது, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது, சரியான முறையில் பார்த்தால் தெரியும். டிஜிட்டல் வாட்டர்மார்க் என்ற பெயரை 1992-ல் ஆண்ட்ரூ டிர்கெல், சார்லஸ் ஆஸ்போர்ன் இருவரும் வைத்தார்கள். வழக்கமான டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கும். 200 இருக்கும் இடத்தில் 201 வைத்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. இப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஒன்று கூட்டியும் கூட்டாமல் விட்டும் ஒரு செய்தியை எழுதிவிடலாம். எளிய வழி, ஆனால் ஜேபெக்காக ஒருமுறை சுருக்கினாலே இந்த நுண்ணிய வேறுபாடுகள் பெரும்பாலும் கலைந்துவிடும். அதனால் பிறகு வந்த முறைகள் தனித்தனிப் புள்ளிகளை விட்டுவிட்டு, படத்தின் ஒளி ஏற்ற இறக்கம் முழுவதிலும் செய்தியைப் பரப்பி வைத்தன. ஓரம் போனாலும் சுருங்கினாலும் ஓரளவு மிஞ்சும்.

இதற்கும் தமிழில் முறையான முன்னோடி உண்டு. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரக்கவி வகைகளில் ஒன்று கரந்துறைச் செய்யுள்: ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். மேலோட்டமாகப் படிப்பவருக்கு ஒன்று, வழி தெரிந்தவருக்கு இரண்டு. தெரியாத வாட்டர்மார்க்கைக் கரந்துறை குறி என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. காகிதத்தில் உள்ளதற்கு நீர்க்குறியே இருந்துவிட்டுப் போகட்டும். அஞ்சல்தலை சேர்ப்பவர்களிடம் அது ஊறிவிட்டது. பேச்சில் வாட்டர்மார்க் என்பதை யாரும் விடப்போவதில்லை, விடவும் வேண்டாம். தெரிவதா தெரியாததா என்று பிரித்து எழுத வேண்டிய இடத்தில் கண்ணெழுத்தும் கரந்துறை குறியும் கைகொடுக்கும்.

மெட்டாடேட்டாவை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எடுத்தவர் பெயர், தேதி, உரிமை விவரம் எல்லாம் கோப்புக்குள் எழுத்தாக இருப்பது அது. கோப்பில் இருக்குமே தவிரப் படத்தில் இருக்காது. பல சமூக வலைத்தளங்கள் படத்தை ஏற்றும்போதே அதை உரித்துவிடுகின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மொத்தமும் போய்விடும்.

கரந்துறை குறிக்கு இப்போது புதிதாக ஒரு வேலையும் வந்திருக்கிறது. கூகுள் டீப்மைண்ட் 2023-ல் வெளியிட்ட சிந்த்ஐடி, செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படத்துக்குள் ஒரு குறியை ஒளித்து வைக்கிறது. இதை யார் எடுத்தார் என்று சொல்ல அல்ல, இதை யாரும் எடுக்கவில்லை என்று சொல்ல. இன்னொரு பக்கம், 2023-ல் படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம், படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைச் செய்த ஸ்டெபிலிட்டி ஏஐ மீது வழக்குப் போட்டபோது, அந்தக் கருவி உருவாக்கிய சில படங்களில் கெட்டியின் வாட்டர்மார்க்கே கோணல்மாணலாக வந்திருந்ததைச் சுட்டிக்காட்டியது. கற்றுக்கொள்ள எதையெல்லாம் விழுங்கியதோ அதிலிருந்த கண்ணெழுத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிட்டது. லண்டன் உயர் நீதிமன்றத்தில் 2025 நவம்பரில் வந்த தீர்ப்பில் கெட்டியின் பதிப்புரிமை வாதம் எடுபடவில்லை. அந்தக் கோணல் வாட்டர்மார்க் விஷயத்தில் மட்டும், குறுகிய அளவில், வணிகக்குறி மீறல் நடந்திருப்பதாக நீதிமன்றம் ஏற்றது.

சட்டத்தில் குறிக்கு இன்னொரு பிடியும் உண்டு. 1996-ன் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பதிப்புரிமை ஒப்பந்தம், படைப்போடு மின்னணு வடிவில் சேர்ந்து வரும் உரிமைத் தகவலை வேண்டுமென்றே நீக்குவதையும் மாற்றுவதையும் தனியாகத் தடுக்கச் சொல்கிறது. 1998-ன் அமெரிக்கச் சட்டத்திலும் இது இருக்கிறது. படத்தை எடுத்தது ஒரு தவறு என்றால், மீறலை மறைக்கப் பெயரை அழித்தது இன்னொரு தவறு. வெறும் பூ, பறவை போன்ற அலங்காரச் சின்னத்தைப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அது யாருடையது என்று அதிலிருந்து தெரியாவிட்டால் அதை உரிமைத் தகவல் என்று வாதிடுவது கடினம். பெயரும் ஆண்டும் தெளிவாக இருக்கட்டும். இடம் இருந்தால் மின்னஞ்சல் முகவரியையும் சேர்க்கலாம். படத்தைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்த நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே. பெரிய அளவிலான மூலக் கோப்பை மட்டும் எங்கும் ஏற்றாமல் கையில் வைத்திருங்கள். தகராறு என்று வந்தால் அது உங்களிடம் மட்டுமே இருப்பதுதான் வலுவான சான்று.