குதிரை உதையும் பந்து உதையும்

அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தில் கேரி என்று ஓர் ஊர். நம்மவர்கள் நிறைய பேர் குடியேறியிருக்கும் ஊர். அங்கிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். நவம்பர் வந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரிப் பெண்கள் கால்பந்து பார்க்கப் போய்விடுவாராம். “பருவம் முழுக்க ஜெயித்து முதலிடம் பிடித்த அணி, கடைசியில் நடக்கும் கோப்பைப் போட்டியில் ஒரு சாதாரண அணியிடம் தோற்றுவிடுகிறது. அன்றைக்கு ராசி சரியில்லை என்கிறாள் மகள். உண்மையில் என்னதான் நடக்கிறது?” என்பது அவர் கேள்வி.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அங்கே கல்லூரி அணிகள் ‘கான்ஃபரன்ஸ்’ என்ற கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. (கருத்தரங்கு அல்ல, பயப்பட வேண்டாம்.) இலையுதிர் காலம் முழுக்க லீக் ஆட்டங்கள். அது முடிந்ததும் முன்னணி அணிகளை வைத்து ஒரு நாக்அவுட் கோப்பை. கோப்பையை வென்ற அணி 64 அணிகள் மோதும் தேசியப் போட்டிக்கு நேராகப் போய்விடும். மீதி இடங்களை ஒரு தேர்வுக்குழு நிரப்பும். கேரியின் வேக்மெட் சாக்கர் பார்க்கில் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஏசிசி, பல முறை தன் கோப்பைப் போட்டியை நடத்தியிருக்கிறது. ஏசிசி போன்ற பெரிய கூட்டமைப்பிலிருந்து தோற்ற அணிகளும் தேர்வுக்குழு வழியாக உள்ளே போகலாம். சிறிய கூட்டமைப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரே இடம்தான். அங்கே மூன்று மாத உழைப்பும் இரண்டு மூன்று ஆட்டங்களில் தொங்கும்.

சரி, ராசிக்கு வருவோம். ஒரு சுருக்குப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 49 புளியங்கொட்டை, ஒரே ஒரு குன்றிமணி. நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். குன்றிமணி வந்தால் கோல். இது பலமான அணியின் பை. 90 நிமிடங்களுக்குச் சராசரியாக 1.8 கோல் விழும். எதிரணியின் பையில் 99 புளியங்கொட்டைக்கு ஒரு குன்றிமணி. அவர்களுக்குச் சராசரி 0.9. அதாவது முதல் அணி சரியாக இரண்டு மடங்கு பலம்.

இப்போது பலமான அணி 90 முறையும் புளியங்கொட்டையே எடுக்க வாய்ப்பு எவ்வளவு? ஐம்பதில் நாற்பத்தொன்பது என்ற பின்னத்தை அதனாலேயே 90 முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 0.16 வருகிறது. நூறு ஆட்டத்தில் 16 ஆட்டம், இந்த அற்புதமான அணி ஒரு கோல்கூடப் போடாமல் வெளியே வரும்! யாரும் மோசமாக ஆடவில்லை, பயிற்சியாளர் சொதப்பவில்லை. பை அப்படி.

அரிதான சம்பவங்கள் இப்படி விழும் கணக்கைப் பிரெஞ்சுக்காரர் சிமியோன் தெனி புவாசோன் 1837-ல், நீதிமன்றத் தீர்ப்புகளை ஆராய்ந்த ஒரு புத்தகத்தில் எழுதிவைத்தார். அது பிரபலமானது குதிரைகளால். 1898-ல் போர்ட்கேவிச் என்ற புள்ளியியலாளர், பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்துச் செத்த வீரர்களின் எண்ணிக்கையை எடுத்தார். 10 படைப்பிரிவு, 20 ஆண்டு, ஆக 200 பதிவுகள். அவற்றில் 109-ல் சாவே இல்லை. 65-ல் ஒருவர், 22-ல் இருவர், 3-ல் மூவர், ஒன்றே ஒன்றில் நால்வர். மொத்தம் 122 பேர். சராசரி 0.61. இந்த ஒற்றைச் சராசரியை மட்டும் புவாசோனின் சூத்திரத்தில் போட்டால் என்ன வருகிறது தெரியுமா? 108.7, 66.3, 20.2, 4.1, 0.6. எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும் இடம் இது. நால்வர் செத்த ஆண்டில் அந்தப் படைப்பிரிவில் “இந்த வருஷம் ஏதோ தோஷம்” என்று நிச்சயம் யாராவது சொல்லியிருப்பார்கள். இருநூறு முறை பார்த்தால் அப்படி ஒன்று வருவதில் ஆச்சரியமே இல்லை என்கிறது கணக்கு. குதிரை உதைக்கும் இந்தக் கணக்கு, பந்தை உதைப்பதற்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது.

நம் இரண்டு பைகளையும் மோதவிட்டுப் பார்த்தேன். நூறு ஆட்டத்தில் பலமான அணிக்கு 59 வெற்றி, 23 டிரா, 18 தோல்வி. இரண்டு மடங்கு பலத்துக்குக் கிடைப்பது அவ்வளவுதான்! கூடைப்பந்தில் இந்தக் கூத்து இவ்வளவு நடக்காது. அணிக்கு அறுபது எழுபது புள்ளி எடுக்கும் ஆட்டத்தில் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

கோப்பைப் போட்டியில் டிரா கூடாது. எனவே பத்துப் பத்து நிமிடமாக இரண்டு கூடுதல் பாதி, அதற்கும் மசியாவிட்டால் பெனால்டி ஷூட்அவுட். 2022-க்கு முன் கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும். இப்போது இருபது நிமிடமும் ஆடியாக வேண்டும். இது பலமான அணிக்குச் சாதகம் என்று நானும் நினைத்தேன். கணக்குப் போட்டால் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. ஷூட்அவுட்டைக் காசு சுண்டுவதாக வைத்துக்கொண்டால், 23 டிராவில் 13 பலமான அணிக்கு வரும். ஆக மொத்தம் நூற்றுக்கு 72.

ஒரு ஆட்டத்துக்கு 72 நல்ல எண்தான். கோப்பைக்கு மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டுமே. 0.72-ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 0.37. எதிரே வரும் எல்லோரையும்விட இரண்டு மடங்கு பலமான அணி, மூன்று கோப்பையில் இரண்டைத் தவறவிடும். கேரி வாசகரின் மகள் பார்ப்பது இதைத்தான். நான்கு சுற்று என்றால் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். இரண்டே சுற்று என்றால் பாதிக்குச் சற்று மேல்.

முதலிடக்காரர்களுக்கு முதல் சுற்றில் ‘பை’ கொடுப்பதன் மகிமை இங்கேதான். (இது வேறு பை. ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் சலுகை.) பார்க்க ஓய்வு மாதிரி இருக்கும், உண்மையில் கோப்பை வாய்ப்பை 37-லிருந்து 52-க்குத் தூக்கிவிடும் பெரிய பரிசு. பசிபிக் கரையின் பேக்-12 கூட்டமைப்பு பெண்கள் கால்பந்தில் இந்த வம்பே வேண்டாமென்று நாக்அவுட் கோப்பை நடத்தாமல், லீக் முதலிடத்தையே சாம்பியன் என்று அறிவித்துவந்தது. ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கும் ஐவி லீக் கூட்டமைப்பும் வெகுகாலம் அப்படித்தான். 2023-ல் மனம் மாறி நான்கு அணிகளுக்கு ஒரு கோப்பை தொடங்கியது. நியாயம் என்று பார்த்தால் பேக்-12 வழிதான் சரி. ஆனால் டிக்கெட் வாங்கிப் பார்க்கச் சொன்னால் நான் நாக்அவுட்டுக்குத்தான் போவேன்.

என் கணக்குக்கு ஒரு அடியும் உண்டு. ஃபுளோரிடா ஸ்டேட் அணி 2020 முதல் 2023 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து ஏசிசி கோப்பையை வென்றது. வருடத்துக்கு மூன்று ஆட்டம் என்றால் நம் இரண்டு மடங்கு பலமான அணி இதைச் செய்ய நூற்றில் 2 வாய்ப்புதான். எல்லா ஆண்டும் முதல் சுற்றுச் சலுகை கிடைத்தாலும் 7. அப்படியானால் அவர்கள் இரண்டு மடங்கையும் தாண்டிய அணி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, என் பைகளுக்குக் களைப்புத் தெரியாது. நிஜ ஆட்டக்காரிகள் வியாழக்கிழமை அரையிறுதி ஆடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை இறுதிக்கு வருகிறார்கள். பெண்களின் உடல் மூன்று நாளில் எவ்வளவு மீள்கிறது என்று தேடிப் போனால் எரிச்சல்தான் மிஞ்சும். விளையாட்டு அறிவியல் இதழ்களை 2021-ல் அலசியபோது, பெண்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள் 6 சதவீதம், ஆண்களை மட்டும் வைத்துச் செய்தவை 31 சதவீதம். நிறைந்த மைதானத்தில் டிக்கெட் விற்கத் தெரிகிறது, அந்தக் கால்களை ஆராயக் காசு ஒதுக்கத் தெரியவில்லை.

ஷூட்அவுட்டைப் பற்றி வாசகரின் மகளுக்கு ஒரு சேதி. 2019, 2020, 2021 பருவங்களின் தேசிய இறுதி ஆட்டங்கள் மூன்றுமே பெனால்டியில்தான் முடிந்தன. முதலாவதும் மூன்றாவதும் 0–0. கோப்பை ஒரு அணிக்குத்தான் போகும். ஆனால் பெனால்டிக்குப் போன ஆட்டத்தைக் கல்லூரிப் பதிவேட்டில் டிரா என்றே எழுதுவார்கள். தோற்றதாகக் கணக்கே கிடையாது.